நகராத மேடு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, சின்னவள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. பதினான்கு மாதமாக நான் கேட்டிருந்தால்தானே தெரியும்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும், "இங்க பாருங்க, யாரு எழுதியிருக்கான்னு!" என்று மாமாவைக் கூப்பிட்டிருப்பாய். அவர், "முதல்ல பிரிச்சுப் படி, அப்புறம் கத்து" என்று சொல்லியிருப்பார். சரிதானே?

எதற்குக் கோபம் என்று நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். என் முதல் கட்டுரை அச்சானபோது உன் பரிசோதனைக் கூடம் முழுக்க இனிப்பு கொடுத்தாய். மூன்றே மாதத்தில், கணக்கில் பிழை என்று அதை நானே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் பெரியப்பா வீட்டு விருந்தில் நாற்பது பேர் முன்னால் நீ சொன்னாய், "எங்க வீட்டு விஞ்ஞானி கண்டுபிடிச்சதையே தொலைச்சுட்டா!" எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவுக்குப் புரையேறியது. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தவள்தான்.

இன்னும் கோபமா என்றால், ஆமாம், கொஞ்சம். ஆனால் இப்போது எனக்கு உன் கண் வேண்டும். அதனால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். தூக்கிப் போடவில்லை, ஓரமாகத்தான் வைத்திருக்கிறேன்.

விஷயம் இது. ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு இரண்டு கைகள். இரண்டு கைகளிலும் நட்சத்திரங்கள் பிறக்கிற வாயு மேகங்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த மேகங்களில் வாயு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று அளப்பது என் வேலை. அங்கே போய் அளக்க முடியாது, வெளிச்சத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். வாயுவில் இருக்கும் கந்தகம் சிவப்பு நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகளாக ஒளி விடும். வரைபடத்தில் அவை இரண்டு மேடுகளாகத் தெரியும். வாயு நெருக்கமில்லாமல் இருந்தால் முதல் மேடு பெரியது. நெருக்கம் கூடக் கூட இரண்டாவது மேடு வளர்ந்து முதல் மேட்டை எட்டிப் பிடிக்கும். எந்த மேடு எவ்வளவு பெரியது என்று பார்த்தால் நெருக்கம் தெரிந்துவிடும். அவ்வளவுதான்.

நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். என்ன என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதக் கடைசியில் அதை எங்கள் குழுவின் முன் வைக்க வேண்டும். அது நின்றால் இன்னும் மூன்று வருடம் இங்கே வேலை. நிற்கவில்லை என்றால், இரண்டாவது தடவையும் தொலைத்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். இதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் தனியாக அளந்து பார்க்க வேண்டும் என்று எங்கள் தலைவர் சொல்கிறார். இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நீயோ இருபது வருடமாக நுண்ணோக்கியில் ரத்த அணுக்களை எண்ணுகிறவள். ஒரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண் எழுதினதில்லை.

செய்வாயா?

உன் வாலு

*

ஜூன் 9

அன்புள்ள வாலுக்கு,

மாமாவைக் கூப்பிடவில்லை. சமையலறையில் நின்றபடி மூன்று தடவை படித்துவிட்டு அப்புறம்தான் கூப்பிட்டேன். அவர் நீ எழுதிய அதே வார்த்தையைச் சொன்னார், "அப்புறம் கத்து" என்று. நாங்கள் அவ்வளவு பழகிப்போனவர்களா?

உன் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறாய். அதுவும் ஐந்து பக்கத்துக்கு நீட்டி முழக்கி. செய்கிறேன். ஆனால் எங்கள் கூடத்து முறைப்படிதான்.

எங்களிடம் சந்தேகமான ரத்தம் வந்தால் இரண்டு பேர் எண்ணுவோம். இரண்டாவது ஆளுக்கு நோயாளியின் பெயர் தெரியாது, முதல் ஆளின் எண் தெரியாது. எண்ணி முடித்து எழுதிக் கையெழுத்துப் போடும்வரை இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. தேநீர் நேரத்தில்கூட எதிரெதிர் மேஜை.

அதனால் போன் கூடாது. உன் குரலைக் கேட்டாலே உனக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். நீ பேசக் கற்ற நாளிலிருந்து அப்படித்தான். தெரிந்தபின் என் கை அந்தப் பக்கம் சாயாது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. நான் உன் அக்கா, இயந்திரம் இல்லை.

இன்னொன்று. தாள்களைக் கழுவித் துடைத்து அனுப்பாதே. எந்தத் திருத்தமும் வேண்டாம். ரத்தத்தை யாராவது முன்கூட்டியே சுத்தம் செய்து கொடுத்தால் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். கருவி தந்தது தந்தபடி, சீட்டுக்கட்டைக் கலைப்பது மாதிரி கலைத்து, எண் மட்டும் போட்டு அனுப்பு.

விருந்தில் சொன்னதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. அது தனிக் கணக்கு.

சாப்பிடுகிறாயா?

அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். அதைத் தவிர எதையாவது கேள்.

முப்பத்தெட்டு வரைபடத் தாள்கள் இத்துடன் வருகின்றன. ஒரு தாளுக்கு ஒரு மேகம். நீ கேட்டபடி கருவி தந்தது தந்தபடிதான். வழக்கமாக நாங்கள் இப்படிப் பார்ப்பதில்லை. மண்டலம் சுழல்வதால் ஒரு கை நம்மை விட்டு விலகிப் போகிறது, மற்றது அவ்வளவு வேகமாக விலகுவதில்லை. அதனால் மேடுகள் தாளுக்குத் தாள் சற்று இடமும் வலமுமாக நகர்ந்திருக்கும். கணினி எல்லாவற்றையும் இழுத்து ஒரே இடத்தில் நிறுத்திக் கொடுக்கும், நாங்கள் அதைத்தான் அளப்போம். உனக்காக அதைச் செய்யாமல் விட்டிருக்கிறேன். பார்க்கக் கொஞ்சம் அலங்கோலமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஒவ்வொரு தாளிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடுகள் இருக்கும். ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் எத்தனை சிறு கட்டங்கள் என்று எண்ணி எழுது. வேறெதுவும் வேண்டாம்.

பதினேழாம் தாள் கொஞ்சம் கெட்ட தாள். எண்ணிக்கைக்காகச் சேர்த்திருக்கிறேன். ஐயோ, சொல்லிவிட்டேன். இதை மறந்துவிடு.

இந்த மேகங்களில் வாயு எவ்வளவு நெருக்கம் என்று கேட்டால் சிரிப்பாய். ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் ஐம்பது எலக்ட்ரான், நூறு எலக்ட்ரான் என்றுதான் கணக்கு. நானூறு என்றால் எங்களுக்குப் பெரிய கூட்டம். உன் கூடத்தில் ஒரு சொட்டில் லட்சக்கணக்கில் எண்ணுகிறவளுக்கு இதெல்லாம் ஆளில்லாத தெரு மாதிரி இருக்கும்.

உன் வாலு

*

ஜூன் 24

அன்புள்ள வாலுக்கு,

இருபத்திரண்டு தாள் முடிந்தது. எண்களை எழுத மாட்டேன். ஊர்க் கதை மட்டும்.

மதிய இடைவேளையில் எங்கள் அறை எண் நான்கின் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து எண்ணுகிறேன். கூட வேலை செய்கிறவள் எட்டிப் பார்த்து, "யாருக்கு இதயம் இப்படித் துடிக்குது?" என்றாள். "ஒரு மண்டலத்துக்கு" என்றேன். "எந்த வார்டு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வளைகோடு சில கட்டங்களைப் பாதியில் வெட்டிக்கொண்டு போகிறது. அதற்கு எங்கள் விதியையே வைத்துக்கொண்டேன். எண்ணும் கட்டத்தின் கோட்டின் மேல் ஒரு அணு உட்கார்ந்திருந்தால், மேல் கோடும் இடது கோடும் என்றால் சேர்ப்போம், கீழ்க் கோடும் வலது கோடும் என்றால் விட்டுவிடுவோம். இருபது வருடப் பழக்கம் மேகத்துக்கும் உதவுகிறது. ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை எண்ணி, ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவையும் எண்ணுகிறேன்.

உன் மாமா இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் தலைமைப் பயிற்சியாளர். அதாவது முன்பு அவர் காலடியில் மட்டும் இருந்த பிரேக்கை இப்போது வாயாலும் போடுகிறார். சின்னவள் உன் தாள்களைப் பார்த்து, "சித்தி மலை வரைஞ்சு அனுப்பியிருக்கா, ஆனா கலர் அடிக்கல" என்றாள். ஒரு தாளுக்கு அடித்தும் விட்டாள். பயப்படாதே, எண்ணி முடித்த தாள்தான்.

உண்மையைச் சொல்கிறேன். பல மாதங்களுக்குப் பிறகு மத்தியான நேரம் எனக்குச் சந்தோஷமாகப் போகிறது. ஒவ்வொரு தாளை எடுக்கும்போதும், இதைத் தொட்ட கை உன் கை என்று தோன்றுகிறது. சரி, அழாதே. நானும் அழவில்லை.

அக்கா

*

ஜூலை 4

அன்புள்ள வாலுக்கு,

முப்பத்தெட்டும் முடிந்தது. எண்கள் தனித்தாளில் இருக்கின்றன, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்தத் தாளை ஐந்து நாட்களாகப் பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டியைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தேன்.

நீ என்ன கண்டுபிடித்தாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் எண்களைப் பார்த்தால் இருபது தாள்களில் இரண்டாவது மேடு பருமனாக இருக்கிறது, மீதிப் பதினெட்டில், ஒன்றைத் தவிர, மெலிந்திருக்கிறது. அந்த இருபதும் ஒரு கை, இந்தப் பதினெட்டும் மற்ற கை என்றால், ஒரு கையில் வாயு நெருக்கம், மறு கையில் இல்லை என்று நீ சொல்லப் போகிறாய். நான் இத்துடன் நிறுத்தியிருந்தால் என் எண்களும் உன் எண்களும் ஒத்துப்போயிருக்கும். நீயும் துள்ளிக் குதித்திருப்பாய்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு தாளையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெயிலில் பார்த்தேன். மேடுகள் நீ சொன்னபடி இங்கும் அங்குமாக நகர்கின்றன. இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. ஆனால் அந்த இருபது பருமன் தாள்களில் மட்டும், இரண்டாவது மேட்டோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன மேடு இருக்கிறது. அது நகரவில்லை. இடது ஓரத்திலிருந்து நாற்பத்து மூன்றாவது கட்டம். இருபது தாளிலும் அதே நாற்பத்து மூன்று. இரண்டாவது மேடு கொஞ்சம் இடம் வந்தால் அது வலது தோளில் தெரிகிறது, வலம் போனால் இடது தோளில் தெரிகிறது. அதுதான் இரண்டாவது மேட்டைப் பருமனாகக் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

மாமாவிடம் காட்டினேன். பார்த்த உடனேயே சொன்னார், "முன் சக்கரமும் பின் சக்கரமும் சேர்ந்துதானே உருளணும்? ரெண்டும் உருளும்போது ஒண்ணு மட்டும் ரோட்டுல நின்னா, அது இந்த வண்டியோடது இல்ல."

அது எதனுடையது என்று எனக்குத் தெரியாது. உன் மண்டலத்தினுடையது இல்லை என்று மட்டும் தோன்றுகிறது.

இன்னொன்று, நீ கெட்ட தாள் என்று வாய் தவறிச் சொன்ன பதினேழு. நான் தவிர்த்த அந்த ஒன்று அதுதான். மேடுகள் இருக்கும் இடத்தைப் பார்த்தால் அது அந்தப் பதினெட்டு தாள்களோடு சேர்ந்தது. அதில் அந்த நகராத மேடு இல்லவே இல்லை. ஆனால் இரண்டாவது மேடு முதல் மேட்டைவிடவே பெரியது. ஆறு தடவை எண்ணினேன். எனக்கு அது நல்ல தாளாகத்தான் தெரிகிறது.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நீ எண்களைத்தானே கேட்டாய், மேட்டைக் கேட்கவில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். முடியவில்லை. தவறாக இருந்தால் உன் அக்கா ரத்தம் மட்டும் எண்ணத் தெரிந்தவள் என்று திட்டிவிட்டுக் கிழித்துப் போடு.

அக்கா

*

ஜூலை 9

அக்கா,

கிடைத்தது. பார்க்கிறேன். போன் செய்யாதே.

*

ஜூலை 19

அன்புள்ள வாலுக்கு,

பத்து நாளாயிற்று. போன் செய்யவில்லை. மாமா என் போனை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். "நீ பிரேக்கே இல்லாத வண்டி" என்கிறார்.

அந்தத் தனிக் கணக்கை இப்போது தீர்த்துவிடுகிறேன், அப்புறம் வாய்ப்பு கிடைக்காமல் போய்விடலாம். உன் கட்டுரை திரும்பிய செய்தி வந்த அன்று, எங்கள் கூடத்து மருந்து அலமாரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அவமானமாகி அழவில்லை. நீ தனியாக ஒரு அறையில் உட்கார்ந்திருப்பாயே என்று அழுதேன். விருந்தில் எல்லோரும் உன்னைச் சுற்றி வந்து, "என்னாச்சு, எப்படி ஆச்சு" என்று உச்சுக்கொட்டப் போகிறார்கள் என்று பயமாக இருந்தது. அதற்கு முன் நானே சிரிப்பாக்கிவிட்டால் எல்லோரும் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். தப்பித்தது நான், மாட்டிக்கொண்டது நீ. உன் முகம் போன விதத்தைப் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. அப்போதே எழுந்து உன் பின்னால் ஓடி வந்திருக்க வேண்டும். பரிமாறிக்கொண்டு நின்றேன்.

மன்னித்துக்கொள். பதினைந்து மாதம் தாமதமான மன்னிப்புதான், ஆனாலும் கருவி தந்தது தந்தபடி அனுப்புகிறேன்.

இப்போது மறுபடியும் உன்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. வேலை போனால் போகட்டும். மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். நீ வரப் போகிறாய் என்று நினைத்து அல்ல. சும்மா, தூசியாக இருந்தது.

பதில் எழுதாவிட்டாலும் சாப்பிடு.

அக்கா

*

ஜூலை 30

என் அன்பு அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் என் முன்னால் இருக்கின்றன. ஒன்றை நூறு தடவை படித்தேன், மற்றதை ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை. எது எது என்று உனக்கே தெரியும்.

மூன்று வாரம் நான் பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. முதல் நாள் மட்டும் கோபம். உன் தாளைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். மறுநாள் காலை எடுத்து, கையால் நீவிவிட்டு, நாற்பத்து மூன்றாவது கட்டம் என்ன அலைநீளம் என்று கணக்குப் போட்டேன். போட்டதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அது நம் காற்று, அக்கா. நம் தலைக்கு மேல் இருக்கிற காற்றே கொஞ்சம் ஒளி விடும். அதை அளந்து கழித்துவிட்டுத்தான் மேகத்தின் ஒளியைப் பார்க்க வேண்டும். அந்த ஒளி நாளுக்கு நாள் மாறும். நான் தொலைநோக்கி நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒரே ஒரு நாள் வெற்று வானத்தை அளந்துவிட்டு, அதையே எல்லாத் தாள்களிலும் கழித்துவிட்டேன். உனக்கு அனுப்பியவற்றிலும்தான், அதை ஒரு திருத்தமாகவே நான் நினைக்கவில்லை. விலகிப் போகும் கையைப் பார்த்த மூன்று நாட்களும் காற்றில் ஒளி கூடுதல். போதாததற்கு, அந்தக் கை விலகும் வேகத்தில் இரண்டாவது மேடு சரியாகக் காற்றின் ஒளி மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அத்தனை லட்சம் வருடம் சுத்தமாகப் பயணம் செய்து வந்த வெளிச்சம் நம் தெரு முனையில் அழுக்காகியிருக்கிறது. கணினி மேடுகளையெல்லாம் இழுத்து ஒரே இடத்தில் நிறுத்தியபோது, நகராத மேட்டையும் சேர்த்து நகர்த்திக் கலைத்துவிட்டது. அதனால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. நீ மட்டும் துடைக்காத தாளைக் கேட்காமல் இருந்திருந்தால்!

ஒவ்வொரு தாளுக்கும் அதே நாளில், அதே படத்தின் ஓரத்திலிருந்த வெற்று வானத்தை எடுத்துக் கழித்தேன். ஒன்பது நாள் வேலை. கழித்ததும் இருபது மேகங்களும் மெலிந்துவிட்டன. இரண்டு கைகளிலும் ஒரே நெருக்கம்தான். என் கண்டுபிடிப்பு காலி.

அப்புறம் பதினேழை எடுத்தேன். என் கதைக்கு ஒத்துவராததால்தான் அதைக் கெட்ட தாள் என்று ஒதுக்கியிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். எப்படிக் கழித்தாலும் பதினேழு அசையவில்லை. சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் எழுநூறு! அந்த மண்டலத்தில் இவ்வளவு நெருக்கமான மேகத்தை இதுவரை எங்கள் குழு பார்த்ததில்லை. நடுவில் புத்தம் புதிதாக நட்சத்திரங்கள் கொத்தாகப் பிறந்துகொண்டிருக்கின்றன. பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தேன், அங்கே ஒரு சின்னப் பொட்டு இருக்கிறது. நாலு வருடமாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றிவந்தேன், அக்கா. அவ்வளவு சந்தோஷம்.

நேற்று குழுவின் முன் நின்றேன். இருபத்திரண்டு பேர். முதல் படமே என் தவறுதான். தலைவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதை யார் பிடிச்சது?" என்று கேட்டார்.

"எங்க அக்கா."

"அவங்க எந்த வானியல் நிலையம்?"

"ரத்தப் பரிசோதனைக் கூடம் சார். அறை எண் நாலு."

 அப்புறம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? நானாகத்தான் சொன்னேன், யாரும் பிடித்துத் தள்ளவில்லை. "எங்க வீட்டு விஞ்ஞானி கண்டுபிடிச்சதையே தொலைச்சுட்டா சார். தொலைச்ச இடத்துல அவங்க அக்கா வேற ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டாங்க." மொத்த அறையும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதே வார்த்தைகள்தான், அக்கா. இந்தத் தடவை வலிக்கவே இல்லை.

கூட்டம் முடிந்ததும் தலைவர் கூப்பிட்டார். "தப்பை மறைக்காம முதல் படமா வச்சியே, அதுக்கு ஒரு வருஷம். பதினேழுக்கு ரெண்டு வருஷம்" என்றார். கூட்டினால் மூன்று. பதினேழு மாதிரி இன்னும் இருக்கின்றனவா என்று தேட, தொலைநோக்கியில் ஆறு நாளும் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் வெற்று வானத்தை அளப்பேன். சத்தியம்.

இதை வைத்து எழுதும் புதுக் கட்டுரையில் உன் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. பணிபுரியும் இடம் என்ற கட்டத்தில் உன் பரிசோதனைக் கூடத்தை அறை எண்ணோடு போட்டிருக்கிறேன். கட்டங்களை எண்ணிய முறை என்ற பத்தியில் உன் மேல் கோடு, இடது கோடு விதியும் இருக்கிறது. சின்னவள் வண்ணம் அடித்த தாளை மட்டும் இணைக்க முடியாது என்று தலைவர் சொல்லிவிட்டார். அதை எனக்கு அனுப்பிவை, என் மேஜைக்கு மேல் ஒட்டிக்கொள்கிறேன். மாமாவிடம் சொல், அவருடைய சக்கரத்தை வைத்துத்தான் நேற்று எல்லோருக்கும் விளக்கினேன்.

இந்தத் தடவை கூடத்தில் இனிப்புக் கொடுக்காதே என்று சொல்லத்தான் நினைத்தேன். கொடு. நிறையக் கொடு. "எந்த வார்டு" என்று கேட்டவளுக்கு இரண்டாகக் கொடு.

தொலைநோக்கிக்குப் போகும் முன் நாலு நாள் விடுமுறை இருக்கிறது. மாடி அறையில் மறுபடியும் தூசி சேரவிடாதே.

எண்ணி முடித்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. உங்கள் விதிப்படி இனிப் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். மாமாவின் சட்டைப் பையிலிருந்து போனை வாங்கி வைத்துக்கொள், முதல் மணியிலேயே எடு. நான் 'ஹலோ' மட்டும் சொல்வேன். எனக்கு என்ன வேண்டும் என்று நீயே சொல்.

உன் வாலு